உட்கார முடியாத ஸ்பீக்கரண்ணன்

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஸ்பீக்கரண்ணனுக்குத் தெரியாமல் ஒருவர் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். ஆட்டோக் கூரையில் இரண்டு குழாய்களைக் கட்டிக்கொண்டு மரண அறிவித்தலும் செய்வார். முப்பது வருடம் மைக்கோடு வாழ்ந்ததால், மைக் இல்லாத நேரத்திலும் அதே சத்தத்தில்தான் பேசுவார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அங்கே தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். என் குவார்ட்டர்ஸுக்கும் அவர் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கும் நடுவில் ஒரு மழைநீர்க் கான் ஓடியது. அவர் வீட்டில் என்ன கறி என்பது எனக்கு வாசனையில் தெரிவதற்கு முன்பே காதில் தெரிந்துவிடும்.

கொரோனா வந்தபோது, "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று தோட்டம் தோட்டமாக அறிவித்தவர் அவர். அப்படித் திரிந்ததில் அவருக்கே வந்துவிட்டது. இரண்டு வாரம் காம்பரா அறையில் படுத்துக் கிடந்தார். இஞ்சி, மிளகு, கொத்தமல்லி என்று யார் எதைச் சொன்னாலும் அவித்துக் குடித்தார். சும்மா தண்ணீரைக் குடிக்கச் சொல்ல ஆளில்லை, அதனால் அதை மட்டும் குடிக்கவில்லை. இருமல் போனது. மலச்சிக்கல் போகவில்லை.

எழுந்து வந்த மனிதர் ஆட்டோ சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒருநாள் ஒரு பெரியவரின் மரண அறிவித்தல். "அன்னாரின் பூதவுடல்" என்று தொடங்கிய நேரம் ஆட்டோ பள்ளத்தில் இறங்கியது. "ஐயோ அம்மா" என்று மைக்கிலேயே கதறிவிட்டார். அடுத்தடுத்த பள்ளங்களிலும் அப்படியே. செத்தவருடைய மகன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா மேல இவ்வளவு பாசமாண்ணே" என்று அழுதான். அண்ணனும் மறுக்கவில்லை. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

வைத்தியத்தையும் அவரே கண்டுபிடித்தார். மூக்கடைப்புக்கு ஆவி பிடித்த அதே சட்டியை வைத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு அதன் மேல் குந்தினார். அன்று பிறந்த சத்தத்தை மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்ட டிவிஷனில் கேட்டதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் கானைத் தாண்டி வந்தார். "சேர், ஆஸ்பத்திரிக்குப் போவணும். இத நல்ல தமிழ்ல ஒரு துண்டுக் கடதாசியில எழுதித் தாங்க. பொம்பள டொக்டராம். வாயால சொல்ல ஒரு மாதிரியா இருக்கு."

எழுதிக் கொடுத்து நானும் கூடப் போனேன். வயதில் சின்னவரான டொக்டர் துண்டை வாசித்துவிட்டு, "எத்தனை நாளா இருக்குங்க ஐயா?" என்றார்.

"கொரோனா போன நாள்ல இருந்துங்க டொக்டரம்மா. வெளிக்குப் போனா பிளேடால அறுக்குற மாதிரி இருக்கு. ரத்தமும் வருது."

இதையும் மரண அறிவித்தல் சத்தத்தில்தான் சொன்னார். வெளியே வரிசையில் பேச்சு நின்றுபோனது. நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தை மிகக் கவனமாக வாசித்தேன்.

டொக்டர் பரிசோதித்துவிட்டு வந்து, "மலவாசல்ல வெடிப்புதான். கொரோனாவுல படுத்து எழும்புன நிறையப் பேர் இதோட வாறாங்க. தண்ணி குடிங்க, கீரை, பழம் சாப்பிடுங்க, முக்காதீங்க. இளஞ்சூட்டுத் தண்ணியில பத்து நிமிஷம் உட்காருங்க. ஆவி வேணாம்" என்றார்.

நாங்கள் வெளியே வந்தபோது இருமல் மருந்துக்கு நின்ற இரண்டு கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, "அண்ணே, அந்த டொக்டரம்மா திட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

"திட்டமாட்டாங்க. போய்ச் சொல்லு, தங்கச்சி."

இருவரும் உள்ளே போனார்கள்.

அந்தக் கதையைப் பாடசாலை ஓய்வறையில் நடித்துக் காட்டி நான் நல்ல பெயர் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து எனக்கும் கொரோனா வந்தது. அது போனதும் வயிற்றுப்போக்கு, அது நின்றதும் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. அத்தனை சிரிப்புச் சிரித்தவன் யாரிடம் போய்ச் சொல்வது? நாள் முழுக்க நின்றபடியே பாடம் நடத்தினேன். பாடசாலை அதிபர் என் அர்ப்பணிப்பை எல்லார் முன்பும் பாராட்டினார். நாலாம் நாள் காய்ச்சல் அடித்தது. மறுபடியும் கொரோனா என்று அறிவித்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

ஸ்பீக்கரண்ணன் ஜன்னலுக்கு வந்தார்.

"இருமல் இருக்கா சேர்?"

"இல்ல."

"மணம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப ஏன் குப்புறப் படுத்திருக்கீங்க?"

நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "கதவத் தொறங்க" என்றார்.

பின்சீட்டில் தலையணை போட்டு என்னைக் குப்புறக் கிடத்தி, பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால், "சேர், பள்ளம் வருது, புடிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். மயக்க மருந்து கொடுத்துச் சீழை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கும் என்று அங்கிருந்த டொக்டர் பிறகு சொன்னார். கண் விழித்தபோது அண்ணன் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எவனாவது மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவானாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள், பண்டாரவளைச் சந்தையிலிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசினோடு வந்தார். "வெந்நீர்ல உட்கார சேர். சின்ன சைஸ்தான் கெடச்சுது. நீங்க மெலிஞ்ச ஆள்தானே."

இப்போது இடமாற்றம் கிடைத்து, கல்யாணமும் முடித்து, வேறு ஊரில் இருக்கிறேன். அந்த நீலப் பேசினில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அதில் துணி ஊறப்போட என் மனைவிக்கு இன்னும் அனுமதி இல்லை.