குனிந்து பார்க்கக்கூடாத டயர்

இடது பக்க முன் டயரில் விரிசல் இருந்தது. அது பிரச்சினையே இல்லை. வாரண்டி அட்டையின் பின்பக்கம், எறும்பு வரிசை போன்ற பொடி எழுத்தில், ஏழாவதாக ஒரு நிபந்தனை இருந்தது. அதுதான் பிரச்சினை.

புரூஃப் ரீடர் அட்டையைக் கண்ணுக்கு இரண்டு அங்குலம் வரை கொண்டுவந்து மறுபடி படித்தார். அச்சகத்தில் இருபது வருஷமாக அடுத்தவர்களின் பொடி எழுத்தைப் படித்துப் படித்தே கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவர். சொந்த வீட்டுப் பொடி எழுத்தை இன்றைக்குத்தான் படிக்கிறார்.

‘பெட்ரோலியம் கலந்த மெருகுப் பொருள் பூசிய டயர்களுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது’

கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை. கை தானாகப் பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தது. அதற்குப் பிறகுதான் அர்த்தம் உறைத்தது.

“ஏய், இங்க கொஞ்சம் வாயேன்!”

மனைவி வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. சனிக்கிழமையாதலால் இடுப்பில் விடைத்தாள் கட்டு, காதில் சிவப்புப் பேனா.

“என்னங்க, பாம்பு புகுந்த மாதிரி கத்துறீங்க?”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் டயருக்குத் தேய்ப்பேனே, கறுப்பு பாலிஷ்... அதுல பெட்ரோலியம் இருக்கா?”

பாட்டிலின் லேபிள் என்றைக்கோ அழிந்துபோயிருந்தது. அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். முகம் அஷ்டகோணலானது.

“இருக்காவா? பக்கத்துல தீக்குச்சி உரசினா தெருவே போயிடும்!”

“எல்லா பாலிஷும் இப்படித்தானா?”

“இல்லைங்க. தண்ணியில கலக்குற வகை ஒண்ணு இருக்கு, அது பரம சாது. இது கரைப்பான் வகை. ரப்பருக்குள்ள ஒரு மெழுகு வெச்சிருப்பாங்க. அது கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசிஞ்சு டயரை வெயில்லேர்ந்து காப்பாத்தும். இதைப் போட்டு வாராவாரம் தேய்ச்சா அந்த மெழுகு போயிடும். டயர் காஞ்சு வெடிச்சுப் போகும்.”

“பாடம் எடுக்காதே. சுருக்கமாச் சொல்லு.”

“சுருக்கமாவா? நீங்கதான் கெடுத்திருக்கீங்க.”

சொந்த வண்டியாக இருந்தால் ஒரு பெருமூச்சோடு போயிருக்கும். வண்டி மாமனாருடையது.

கல்யாணமான மூன்றாம் மாதம் மாமனாரின் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவர் இந்த மாப்பிள்ளை. அதற்குப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து மாமனார் தன் செய்தித்தாளைக்கூட இவர் கையில் நம்பிக் கொடுத்ததில்லை. மகளுக்கு போன் செய்தால், “குடை சௌக்கியமா?” என்றுதான் விசாரிப்பார். அப்பேர்ப்பட்டவர், போன வருஷம் மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது காரையே ஒப்படைத்தார். ஒரே ஒரு கண்டிஷன்.

“டயருக்கு எதையும் பூசாதீங்க, தேய்க்காதீங்க. குனிஞ்சுகூடப் பாக்காதீங்க மாப்பிள்ளை. ஓட்டுங்க, நிறுத்துங்க. அவ்வளவுதான்.”

குடைக் கறையைக் கழுவ வாழ்க்கையில் கிடைத்த ஒரே வாய்ப்பு. வெறுமனே ஓட்டி நிறுத்தினால் போதுமா? டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பின்னால், பாதி பாட்டில் பாலிஷ் கிடந்தது. பளபளவென்று திருப்பிக் கொடுத்தால் மாமனார் அசந்துபோக மாட்டாரா? தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பாட்டில் அடிமட்டத்துக்கு வந்ததால் இரண்டு வாரம் சிக்கனம் பிடித்தார். மினுமினுப்பு குறைந்தது. நேற்று, விரிசல் பல்லைக் காட்டியது.

உடனே டயர் கம்பெனிக்கு போன் போட்டார். இன்று பதினொரு மணிக்குப் பரிசோதகர் வருகிறார். பன்னிரண்டுக்கு மாமனார் ரயிலிறங்கி வீடு வந்துசேர்வார். பரிசோதகர் தலையாட்டிவிட்டால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் டயர் கடையில் அரை மணியில் புது டயர் மாட்டிவிடலாம். திட்டத்தில் ஓட்டையே இல்லை, ஏழாவது நிபந்தனையைப் படிக்கிறவரை.

மணி ஒன்பது இருபது.

“வர வேணாம்னு சொல்லிடுங்களேன்.”

“நேத்தே சொல்லிட்டாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தானாம்.”

“அப்ப என்ன பண்ணப் போறீங்க?”

புரூஃப் ரீடர் சட்டைக் கையை மடித்தார். “பாலிஷே பாக்காத டயரா இதை மாத்தப் போறேன்.”

ஒரு வாளி தண்ணீர். இரண்டு கைப்பிடி சோப்புத் தூள். துணி துவைக்கும் பிரஷ். பத்து நிமிஷம் ஆவேசமாகத் தேய்த்தார். நுரை வெள்ளையாகப் போய்ப் பழுப்பாகத் திரும்பி வந்தது. கழுவி ஊற்றினால், டயர் கறுப்பாக இல்லை. நேற்று வைத்து மறந்துபோன தேநீர் நிறத்தில் இருந்தது.

“ஐயோ, இது என்ன நிறம்?”

“மிச்சம் மீதி இருந்த காப்புச் சத்துதான்,” என்றாள் மனைவி, விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். “வெளிய வந்து காத்து பட்டா பழுப்பாயிடும். அதையும் சுரண்டிட்டீங்க.”

இன்னொன்றும் தெரிந்தது. விரிசல் விட்ட டயரின் உள்பக்கமாக, இத்தனை நாள் பாலிஷுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு பெருக்கல் குறி. வெள்ளை பெயின்ட்டில், உள்ளங்கை அகலம்.

“இது என்னடி? எங்க ஆபீஸ்ல பெருக்கல் போட்டா, தூக்கிக் கடாசுன்னு அர்த்தம்.”

“எல்லாத்தையும் புரூஃப் பாக்காதீங்க. கடைக்காரர் ஏதோ அடையாளத்துக்குப் போட்டிருப்பாரு.”

மணி ஒன்பது ஐம்பது. மூன்று டயர் கறுப்பு, ஒன்று பழுப்பு. கண் தெரியாதவர்கூடக் கேள்வி கேட்பார். மற்ற மூன்றையும் பழுப்பாக்குவதா, இதைக் கறுப்பாக்குவதா? வீட்டுக்குள் ஓடினார். திரும்பியபோது கையில் ஷூ பாலிஷ் டப்பா.

முழு டப்பாவும் தீர்ந்தது. டயர் கறுத்தது. சாதாரணமாகக் கறுக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியது போல் மின்னியது. குனிந்தால் மூக்குக் கண்ணாடி தெரிந்தது.

மாடிவீட்டு வக்கீல் பால்கனியில் வந்து நின்றார். “என்ன சார், வண்டிக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களா?”

“சும்மா தூசி தட்டுறேன் சார்!”

“தட்டுங்க தட்டுங்க. தலைவாரிப் பொட்டும் வெச்சிடுங்க.”

மனைவி எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஷூ பாலிஷா? அதுலயும் அதே கரைப்பான்தாங்க இருக்கு!”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“முன்னாடியே கேக்குறதுக்கென்ன?”

அந்த ஷூ பாலிஷை அகற்ற வேண்டும். சோப்பு வழுக்கியது, எலுமிச்சம்பழம் வீணானது. கழிவறைக் கதவுக்குப் பெயின்ட் அடித்தவர் விட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் கேன் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தேங்காய் நார் மாதிரி ஒட்டியிருந்த பிரஷ்ஷையே அது பஞ்சாக்கியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். துணியை நனைத்தார். ஒரே இழுப்பு. ஷூ பாலிஷ் மாயமாய் மறைந்தது.

“பாத்தியா! தண்ணி மாதிரி போயிடுச்சு!”

“எதுல துடைச்சீங்க?”

“இதோ, இந்தக் கேன்ல...”

“அது மண்ணெண்ணெய்ங்க!” மனைவியின் குரல் உடைந்தது. “பெட்ரோலியம் கலந்தது வேணாம்னு பெட்ரோலியத்தையே ஊத்தியிருக்கீங்களே!”

மணி பத்து இருபத்தைந்து. டயர் இப்போது கறுப்புமில்லை, பழுப்புமில்லை. சொறி பிடித்த நாய் போலத் திட்டுத் திட்டாக இருந்தது. அதைக்கூடப் பழைய டயர் என்று சமாளித்துவிடலாம். நாற்றம்? தெருமுனை வரைக்கும் அடித்தது.

விசிறியால் விசிறினார். மேஜை மின்விசிறியைத் தூக்கிவந்து டயருக்குக் காற்று காட்டினார். ஊதுபத்தியைக் கொளுத்தப் போனபோது மனைவி பாய்ந்து வந்து தீப்பெட்டியைப் பிடுங்கினாள்.

“எரிஞ்சுபோன டயருக்கும் வாரண்டி கிடையாது!”

அப்போதுதான் அலமாரியில் ரோஜா மணம் வீசும் பவுடர் டப்பா கண்ணில் பட்டது. ஒரு தட்டு தட்டினார். வாடை லேசாக அடங்கியது. இன்னும் நாலு தட்டு. மின்விசிறி ஓடுவதை மறந்துவிட்டார். பவுடர் மேகமாகக் கிளம்பி, ஈர டயரில் பாதியும் அவர் முகத்தில் மீதியுமாகப் படிந்தது. துடைக்கப் போனால் பிசைந்த மாவு மாதிரி அப்பிக்கொண்டது.

“எக்ஸ்கியூஸ் மீ... டயர் கம்ப்ளெயின்ட் கொடுத்தது இந்த வீடுதானே?”

பத்து நாற்பதுக்கே வந்துவிட்டார் பரிசோதகர். ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு கையில் டார்ச், மறுகையில் பூதக்கண்ணாடி, கக்கத்தில் ஃபைல். டயர் அருகே குனிந்தார். முகர்ந்தார். தும்மினார். திரும்ப முகர்ந்தார். மூன்று தடவை தொடர்ந்து தும்மினார்.

“சார், இந்த டயருக்குப் பாலிஷ் ஏதாவது போடுவீங்களா?”

“நானா? தொட்டதுகூடக் கிடையாது மேடம்.”

“முழங்கை வரைக்கும் கறுப்பா இருக்கே?”

“அச்சகத்துல வேலை. மை.”

“மூஞ்சில வெள்ளையா இருக்கே?”

“அது... காகிதத் தூசு.”

“ரோஜா வாசனை வர்ற காகிதமா?” என்றவர், ஃபைலைத் தரையில் விரித்து அதன்மேல் முழங்காலிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார்.

புரூஃப் ரீடர் மனைவியைப் பார்த்தார். மனைவி வானத்தைப் பார்த்தாள். வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது.

முதலில் ஒரு சூட்கேஸ் இறங்கியது. பின்னாலேயே மாமனார் இறங்கினார்.

“என் வாழ்க்கையில முதல் தடவையா ரயில் ஒரு மணி நேரம் முன்னாடியே...” வாக்கியம் பாதியில் நின்றது. கண் டயரில் நிலைத்தது. “என்னது இது? குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உக்கார வெச்சிருக்கீங்க?”

“மாமா, அது வந்து...”

“எதுவும் வர வேணாம்! படிச்சுப் படிச்சுச் சொன்னேன், பூசாதீங்க, தேய்க்காதீங்க, குனிஞ்சுகூடப் பாக்காதீங்கன்னு. எப்படிக் கொடுத்தேன் தெரியுமா அந்த டயரை? ஒரு கீறல் உண்டா? குழந்தை கன்னம் மாதிரி இருந்துச்சு! குடையைத் தொலைச்ச அன்னிக்கே நான் உஷாராகியிருக்கணும்!”

“அப்பா, கொஞ்சம் மெதுவா...”

“நீ பேசாதே! ஒரு குடையை வெச்சுக் காப்பாத்தத் தெரியாதவரு!”

மாடிவீட்டு வக்கீல் நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்த தைரியமெல்லாம் புரூஃப் ரீடரின் கால் வழியாக இறங்கி மண்ணெண்ணெயோடு கலந்தது. “என் தப்புதான் மாமா. வாராவாரம் நான்தான் பாலிஷ் போட்டேன். வாரண்டி கிடைக்காட்டியும் பரவாயில்லை, இந்த டயரை நானே புதுசா மாட்டித் தர்றேன்.”

மாமனாரின் கோபம் குழாயை மூடியது போல் நின்றது. ஒரு கணம் யோசித்தார். முகத்தில் அப்படி ஒரு கருணை.

“சரி விடுங்க. மனுஷன்னா தப்பு பண்றதுதான். ஒண்ணு மட்டும் மாத்தினா நல்லாருக்காது... நாலையுமே மாத்திடுங்க. அந்தக் குடை விஷயத்தையும் இன்னியோட மறந்துடுறேன்.”

“மாமா!” புரூஃப் ரீடருக்குக் கண் கலங்கியது. பவுடர் கரைந்து கன்னத்தில் ஓடியது.

வண்டிக்கு அடியிலிருந்து பரிசோதகர் மெல்லத் தலையை வெளியே எடுத்தார். விரலில் வெள்ளை பெயின்ட் துகள். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தவரின் பார்வை மாமனாரின் மேல் விழுந்ததும், பழகிய முகத்தைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அவர் முகம் முழுக்கப் பரவியது.

“அட, சார் நீங்களா! போன வருஷம் இதே டயருக்கு வாரண்டி கிடையாதுன்னு நான் பெருக்கல் போட்டுத் திருப்பி அனுப்பினப்ப, நீங்க மண்ணெண்ணெயோட நிறுத்திக்கிட்டீங்க... பவுடர் மாப்பிள்ளை ஐடியாவா?”