செருப்பை எண்ணி டாக்டருக்கு மார்க் போடுகிறவர்

ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறதோ இல்லையோ, டாக்டர்களுக்கு மார்க் போடுகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். கேட்டுப் பாருங்கள், சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

கச்சிராயபாளையத்தில் அவர் பெயர் கண்ணாயிரம். பஸ் நிறுத்தத்தில் யாராவது இருமினாலோ முனகினாலோ போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த டாக்டர் வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது, யார் போட்ட ஊசி வீடு வந்து சேரும்வரை கடுக்கிறது, யார் கத்தரிக்காயோடு கருவாட்டையும் நிறுத்தச் சொல்கிறார் என்றெல்லாம் அடுக்கி, நூற்றுக்கு இத்தனை என்று முடிப்பார். திட்டுகிற டாக்டருக்குப் பத்து மார்க் ஜாஸ்தி. எட்டாம் வகுப்பில் இவருக்கு எத்தனை வந்தது? அதை மட்டும் கேட்கக் கூடாது.

கடைத்தெருவில் புதிதாகக் கிளினிக் வைத்த விஜயலட்சுமி டாக்டருக்கு அவர் போட்டது முட்டை.

“வயித்தால போவுதுன்னு போனா, உப்பும் சர்க்கரையும் தண்ணியில கலக்கிக் குடின்றாங்க. ஊசியே இல்ல. இதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு?”

ஊர் நம்பியது. கிளினிக்கில் டாக்டரம்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. கள்ளக்குறிச்சி சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. சைக்கிளைக்கூடத் தோளில் தூக்கித்தான் தாண்டவேண்டும். அந்த நேரம் பார்த்து, கண்ணாயிரத்தின் மூன்று வயதுப் பேத்தி பாரதிக்குக் காலையிலிருந்து வாந்தி, பேதி. மதியத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. கண்ணாயிரம் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினார். வாய் மட்டும் மார்க் போடுவதை நிறுத்தவில்லை.

“சேலத்துக்காரரு தொண்ணூத்தஞ்சு. கள்ளக்குறிச்சிக்காரரு எம்பது. எப்பிடியாச்சும்…”

“இந்தாய்யா, உன் மார்க்கைக் கேட்டு மரம் எழுந்து வழி வுடுமா?” என்றாள் மனைவி அம்சவள்ளி. “புள்ள துவண்டுக்கினு கெடக்குது, பேசிக்கினு நிக்கிற!” பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கடைத்தெருவுக்கு நடந்தாள். இவர் பின்னால் ஓடினார்.

டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். உப்பையும் சர்க்கரையும் தண்ணீரில் கலந்து, டம்ளரையும் கரண்டியையும் கண்ணாயிரத்திடமே நீட்டினார். “ஒவ்வொரு கரண்டியா ஊட்டுங்க. கக்கினா கொஞ்ச நேரம் நிறுத்திட்டு மறுபடியும் ஊட்டுங்க. விடாதீங்க.”

“ஊசி…?” என்றார் கண்ணாயிரம், ஈனக் குரலில்.

“உங்களுக்கு வேணும்னா போடறேன்.”

பொழுது சாயும்வரை ஊட்டினார். பிள்ளை ஒன்றுக்குப் போய் அவர் வேட்டியை நனைத்தது. “உடம்புல தண்ணி சேர்ந்துடுச்சு. இனிமே பயமில்லங்க” என்றார் டாக்டர். ஊருக்கே மார்க் போடுகிறவர் ஓவென்று அழுதார்.

திருந்தினாரா? பஸ் ஓடிய முதல் நாளே நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். “விஜயலட்சுமியம்மாவுக்கு நூத்துக்குத் தொண்ணூறு!”

“மீதிப் பத்து?” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பாவாடை.

“ஊட்டுனது நானாச்சே!”

சிரிக்கிறீர்கள். சரி. போன தடவை, ‘மருந்தே வேண்டாம், இரண்டு நாளில் தானாகச் சரியாகும்’ என்று உங்கள் டாக்டர் வெறுங்கையோடு அனுப்பினாரே, வெளியே வந்ததும் மருந்துக்கடையில் நின்று, “இங்க வேற நல்ல டாக்டர் யாருங்க?” என்று கேட்டது யார்?