டக்கு அண்ணாச்சியின் கடைவாய்ப் பல்

சின்னமனூரில் கடித்துப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் ஒருவர்தான். டக்கு அண்ணாச்சி. மிளகு வியாபாரி. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ந்த சரக்கு. நசுங்கினால் மூட்டை திரும்பிப் போகும். நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு முதல்முறை வந்தபோது, நான் கொடுத்த டோக்கனையும் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அவருடைய கடைவாய்ப் பல்லில் குழிகள் ஆழமாக இருந்தன. சொத்தை விழாமலிருக்க டாக்டரம்மா அவற்றின்மேல் சீலண்ட் என்ற பசையைப் பூசி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார்.

"காஞ்சிருச்சு, எந்திரிங்க."

அண்ணாச்சி எழவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டார். டக்.

"என்ன பண்றீக அண்ணாச்சி?"

"காஞ்சிருச்சுன்னு நீங்க சொல்றீக. நான் பாக்க வேணாமா?"

அடுத்த வியாழன், கடை லீவு நாளில், பசையின் ஓரம் பெயர்ந்துவிட்டதென்று வந்து நின்றார். மறுபடி பூசினார்கள். காபிக்கொட்டையைக் கடித்தார். அதற்கடுத்த வியாழன் கொட்டைப்பாக்கு.

கடி எங்கே அழுந்துகிறதென்று பார்க்க, டாக்டரம்மா மை தடவிய நீலத்தாளை வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னார். இடது கடைசிப் பல்லில் மட்டும் மை அப்பியிருந்தது.

"பாரமெல்லாம் இந்த ஒத்தப் பல்லுல விழுகுது. எந்தப் பசை தாங்கும்? வலது பக்கமும் மெல்லுங்க."

"வலது பக்கம் சோத்துக்கு டாக்டரம்மா. வீட்டுக்காரி போனபெறகு அதுக்கு என்ன வேலை? டீயும் பன்னும்தான் ஓடுது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் கருவித் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

மேடாக இருந்த இடத்தை ராவி, புதிதாகப் பூசி, இனி மிளகைக் கல்லால் உடைத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. அடுத்த வியாழன் வந்தபோது பசை பெயராமல் நின்றிருந்தது.

"நல்லாப் பாருங்க, எங்கிட்டாவது விட்டிருக்கும்" என்றார் அண்ணாச்சி.

"கல்லாட்டம் இருக்கு. ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்."

மூட்டை திரும்பி வந்த ஆள் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

மறு வியாழன், எதிர் டீக்கடையில் நின்று எங்கள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு கொட்டைப்பாக்கு. எனக்குப் புரிந்தது. டோக்கன் மேசையிலிருந்து தலையே தூக்காத நான் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"அதக் கடிக்காதீக அண்ணாச்சி."

"வேற என்னத்தச் சொல்லிக்கிட்டு உள்ள வாரது ஆத்தா?"

"பதினோரு மணிக்கு மேல அங்கன கூட்டமிருக்காது. சும்மா வாங்க. எனக்கும் வீட்ல பேச ஆளில்ல."

வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருடத்தில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

இப்போது வியாழன்தோறும் இரண்டு டீ சொல்கிறேன். அவருக்குச் சர்க்கரை தூக்கலாக, டாக்டரம்மாவுக்குத் தெரியாமல்.