மரத்துக்குச் சவுரி

மண்ணைத் தோண்டியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். தோண்டிய குழியின் விளிம்பில் நின்று கண் கலங்கியவர்கள் வெகு சிலர். கலங்கியதோடு நில்லாமல், கலங்குவதற்கென்றே ஒரு தனிப் பிரிவு தொடங்கி, அதற்கு மேசை, நாற்காலி, மின்விசிறி, பச்சை நிறத்தில் ஓர் அழைப்பு மணி எல்லாம் வாங்கிக் கொடுத்த பெருமை அந்தச் சுரங்கக் கம்பெனி ஒன்றுக்கே உரியது. பிரிவின் பெயர் ‘நில நல மீட்புப் பிரிவு’. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே மண் வரக்கூடாது என்பது அந்தப் பிரிவின் முதல் விதி.

அங்கே மண்ணைத் தொடுகிறவள் ஒருத்திதான். நாற்றங்கால் அவள் பொறுப்பு. எல்லோரும் அவளைச் செடியக்கா என்பார்கள். அவள் கணவர் அதே கம்பெனியில் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டினார். காலையில் ஒரே வண்டியில் இருவரும் வந்து இறங்குவார்கள். அவர் போய்த் தோண்டுவார். அவள் போய் நடுவாள். கம்பெனியின் ஆண்டு மலரில் இருவர் படத்தையும் போட்டு, கீழே ‘சமநிலை’ என்று அச்சடித்திருந்தார்கள்.

“நான் தோண்டுறேன், நீ நடுற. நாம ரெண்டு பேரும் வீட்டுலயே படுத்துத் தூங்கியிருந்தா அந்த மலை அப்படியே இருந்திருக்கும்ல?” என்பார் கணவர்.

“மலை இருந்திருக்கும். அடுப்பு எரிஞ்சிருக்காது. சாப்பிடுங்க” என்பாள் அவள்.

கேலி கேலியாக இருந்தாலும் அந்த மரங்கள் அவளுக்கு உயிர். மூடிய குழியின்மேல் கொட்டிய கழிவு மண்ணில் புல்கூட முளைக்க யோசித்த காலத்தில், தோண்டாமல் மிச்சமிருந்த சரிவுகளில் ஏறி, அந்த மண்ணிலேயே பிறந்த மரங்களின் விதைகளைப் பொறுக்கி வந்தவள் அவள். முளைக்காததை முளைக்க வைத்தாள். பட்டுப்போக இருந்ததை வைக்கோல் போர்த்திக் காப்பாற்றினாள். இப்போதுதான் அவை நன்றாக வேர் பிடித்து, அவள் தோளுக்கு வளர்ந்திருந்தன.

கோடை வந்தது. மரங்கள் தங்கள் வழக்கப்படி இலைகளை உதிர்த்துவிட்டு நின்றன.

அந்தச் சமயம் பார்த்து, நிலம் தேறியதா என்று பார்வையிட வல்லுநர் குழு வருவதாகத் தகவல் வந்தது. பிரிவின் மேலாளர் முதன்முறையாகச் செருப்பை மாட்டிக்கொண்டு மரங்கள் நட்ட இடத்துக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது? குச்சியா நட்டு வச்சிருக்கீங்க?”

“மரம் சார். இலையை உதிர்த்துட்டுத் தூங்குது.”

“தூங்குதா? ஆபீஸ் நேரத்துலயா?”

“வெயில் காலத்துல அப்படித்தான் சார். மழை விழுந்தா முழிச்சுக்கும்.”

“குழு மழைக்கு வரலம்மா, திங்கக்கிழமைக்கு வருது. எல்லாத்தையும் பிடுங்கிடுங்க. தொட்டியில விக்கிறாங்களே, பளபளன்னு, வருஷம் பூரா பச்சையா, அதைக் கொண்டாந்து நட்டுடலாம்.”

“அது இந்த மண்ணு மரம் இல்லையே சார். இந்த மண்ணு மரந்தான் நடணும்னு உத்தரவு இருக்குதே.”

மேலாளர் சற்று நேரம் ஆழ்ந்து சிந்தித்தார். “நாலு நாள் இங்கே நின்னா அதுவும் இந்த மண்ணு மரந்தானே?” என்றார். அந்தப் பிரிவில் இதுபோன்ற தத்துவ விசாரங்கள் அடிக்கடி நடப்பதுண்டு.

செடியக்கா கையைப் பிசைந்தாள். “திங்கக்கிழமைக்குள்ள பச்சையாக்கிடறேன் சார். பிடுங்க மட்டும் சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டாள். எப்படி என்று அவரும் கேட்கவில்லை. எப்படி என்று கேட்காமலிருப்பதுதான் நிர்வாகம்.

வீடு திரும்பும் வழியில் அவளுக்கு நாத்தனார் நினைவு வந்தது. நாத்தனார் பக்கத்துத் தெருவில் அழகு நிலையம் வைத்திருந்தாள். எந்தத் தலையிலும், எவ்வளவு முடி குறைவாக இருந்தாலும், சவுரி வைத்துப் பின்னி மணமேடையில் உட்கார வைத்துவிடுவாள்.

“மொட்டை மரத்துக்கு இலை வைக்கணுமா?” என்று கேட்டுவிட்டு நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்கண்ணன் தலை மேல நீங்க இவ்வளவு அக்கறை காட்டியிருந்தா அவருக்கு வழுக்கையே விழுந்திருக்காது, அண்ணி.”

“உங்கண்ணன் தலையைப் பார்க்க எந்தக் குழுவும் வரல. வர்றியா, மாட்டியா?”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தார்கள். அலுவலக வேலியில் இருந்த செடியைக் கழித்துக் கொண்டுவந்தார்கள். அது போதாமல் பூங்காவில் கொஞ்சம் ஒடித்தார்கள். அதுவும் போதாமல் அழகு நிலையத்துச் சுவரில் தொங்கிய பிளாஸ்டிக் கொடியை அவிழ்த்துக்கொண்டார்கள். நாத்தனார் ஒவ்வொரு கிளையிலும் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டாள்.

“தலையை ஆட்டாம நில்லுடி” என்று ஒரு மரத்தை அதட்டினாள். “முன்னாடி கொஞ்சம் அடர்த்தியா வைக்கட்டுமா, அண்ணி? எல்லாரும் முன்பக்கந்தான் பார்ப்பாங்க.”

திங்கட்கிழமை குழு வந்தது. தலைவர் வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார். உறுப்பினர்கள் இருவர் அவர் சொல்வதற்கு முன்பே தலையாட்டினார்கள். தலைவர் ஒரு மரத்தின் முன் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரே மரத்துல மூணு விதமான இலை! நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்லையே!”

“நாங்களும் இங்கேதான் சார் பார்க்கிறோம்” என்றார் மேலாளர், உண்மையாகவே.

அப்போது வேலி இடுக்கில் நுழைந்த ஆடு ஒன்று ஒரு கிளையை எட்டிக் கடித்தது. ‘வன உயிர்கள் திரும்பத் தொடங்கிவிட்டன’ என்று உறுப்பினர் ஒருவர் குறித்துக்கொண்டார். ஆடு இரண்டு முறை மென்றது. குழுவை ஒரு பார்வை பார்த்தது. துப்பிவிட்டுப் போய்விட்டது. ‘சுவை இன்னும் பழகவில்லை’ என்று அவர் கீழே சேர்த்துக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “இந்த நிலம் முழுக்கக் குணமாயிடுச்சுன்னு சொல்றதுல எனக்குத் தயக்கமே இல்லை.”

செடியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மரங்கள் பிழைத்தன! மேலாளரும் துள்ளிக் குதிக்காத குறை.

“அப்போ அடியில இருக்கிற ரெண்டாவது தாது அடுக்கை எடுத்துக்கலாமா சார்?”

“தாராளமா. காயம் ஆறாத நிலத்துல கைவைக்கக் கூடாதுன்னுதான் விதி. அது மனிதாபிமானம் இல்லை. ஆறின நிலத்தைத் தோண்டலாம்.”

செடியக்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். “தோண்டவா? இங்கேயா?”

“எல்லாம் உங்களாலதாம்மா” என்று மேலாளர் அவளை நெகிழ்ச்சியோடு பார்த்தார்.

அவள் பாய்ந்துபோய்ப் பக்கத்து மரத்தின் இலைகளைக் கொத்தாக உருவினாள். நூலும் முடிச்சுமாகக் கையில் வந்தது. “எல்லாம் ஒட்டு இலை சார்! பாருங்க, பிளாஸ்டிக்கு! நானும் என் நாத்தனாரும் கட்டினது!”

குழு திகைத்தது. தலைவரின் முகம் சுருங்கியது. “அப்படின்னா மரமெல்லாம் செத்துப்போச்சா?”

அந்தக் கேள்வியை அவளால் தாங்க முடியவில்லை. எந்தப் பெற்றவளால் தாங்க முடியும்? “யாரு சார் சொன்னது?” என்று சீறினாள். கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே ஈரமாக, இளம் பச்சை. “பாருங்க சார்! உயிரோட இருக்கு! எல்லாமே உயிரோட இருக்கு!”

குழு குனிந்து பார்த்தது. தலைவர் தொட்டுப் பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது.

“எழுதிக்குங்க. இலையே இல்லாம உயிர் வாழுற அளவுக்கு இந்த நிலம் தேறிடுச்சு.”

செத்துப்போச்சு என்று அவள் சொல்லியிருந்தால் மரம் போயிருக்கும், நிலம் தப்பித்திருக்கும். உயிரோடு இருக்கிறது என்றாள்; இரண்டும் போயிற்று.

அந்தக் கம்பெனியில் நல்ல காரியங்களைத் தள்ளிப்போடும் பழக்கம் கிடையாது. மதியமே இயந்திரம் உறுமிக்கொண்டு வந்து நின்றது. மேலே, இருக்கையில், அவள் கணவர்.

“ஏங்க, நீங்களா?”

“வேற எவனாவது வந்தா முரட்டுத்தனமா எடுப்பான்” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். “அதான் நானே வந்தேன்.”

அதற்குள் மேலாளர் புகைப்படக்காரரை அழைத்து வந்துவிட்டார். கையில் ‘நிலம் காத்த நங்கை’ என்று பொறித்த கேடயம். அதை அவள் கையில் திணித்து, மரங்களுக்கு முன்னால் நிறுத்தி, தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் கைக்குட்டையாலேயே தட்டிவிட்டார்.

“கொஞ்சம் சிரிங்கம்மா” என்றார். “மரம் இருக்கிறப்பவே எடுத்துடணும்.”