முப்பது சட்டிகளைத் துடைத்த கதை

எழுதத் தெரியாதவன் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் சாதாரணதரம் வரை படித்த மிளகாய்த் தோட்டக்காரன். நாலு பேர் முன்னால் கதைக்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் இதை மனைவியின் சொந்தக்காரர் சொல்வதைவிட நானே சொல்வது மானத்துக்கு நல்லது (மிச்சம் இருந்தால்).

என் மனைவி கமலா இரண்டு வருடமாக முப்பது சட்டிகளில் சக்குலன்ட் வளர்த்தாள். தடித்த இலைகள் ரோசாப்பூப் போல அடுக்கடுக்காக விரியும் செடி. கறிக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது என்று பகிடி பண்ணுவேன். யாழ்ப்பாணத்தில் நடக்க இருந்த பூங்கன்றுக் கண்காட்சியில் அவளுக்கு ஒரு மேசை ஒதுக்கிக் கடிதம் வந்தது. என் பெயர் இல்லாமல், அவள் பெயருக்கு மட்டும் வந்த முதல் கடிதம். அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

கண்காட்சிக்கு முதல் நாள் காலை, கரவெட்டியில் ஒரு செத்தவீட்டுக்குப் புறப்பட்டாள்.

"இஞ்சேருங்கோ, சட்டியளுக்கு ஒண்டும் செய்யாதேங்கோ. சும்மா இருந்தால் காணும்."

சும்மா இருப்பது எனக்கு நன்றாக வரும். அன்றைக்கு வரவில்லை. முதன்முதலாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இலையெல்லாம் மா தூவியது போல வெள்ளை. போன போகம் என் மிளகாயில் பாதியைத் தின்றதும் வெள்ளைப் பூச்சிதான். வேலிக்கு அப்பால் நின்ற சிவம் அண்ணையைக் கூப்பிட்டேன்.

"உது பூச்சிதான் தம்பி. மனிசி வர முதல் துடைச்சு விடு."

சவர்க்காரத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் கலந்து, பழைய சாரத் துண்டால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். என் பிள்ளைகளைக்கூட அவ்வளவு பக்குவமாகக் குளிப்பாட்டியதில்லை. பிறகு காய்வதற்கு முற்றத்து வெய்யிலில் வைத்துவிட்டு, கமலா என்ன சொல்லிப் புகழுவாள் என்று யோசித்துக்கொண்டே படுத்துவிட்டேன்.

பின்னேரம் எழும்பினால், முப்பதும் அவித்த கத்தரிக்காய்.

கமலா கைப்பையை இறக்காமல் நின்றாள்.

"பொடி எங்கை?"

"பூச்சியெண்டு துடைச்சனான்."

"அது பூச்சியில்லை. வெய்யில் சுடாமல் அதுகள் தானாய்ப் பூசிக்கொள்ளுற பவுடர். ரண்டு வரியத்திலை ஒருக்கால் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

அவ்வளவுதான். (ஏசியிருக்கலாம்.)

இப்போதும் கலியாண வீடுகளில் பொம்பிளைக்குப் பவுடர் போடும்போது அவளின் தங்கை கூப்பிட்டுச் சொல்லுவாள்: "அத்தானைக் கிட்ட விடாதேங்கோ, துடைச்சுப் போடுவார்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கமலா சிரித்து நான் பார்க்கவில்லை.

கண்காட்சி அன்று காலை அவள் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், தன் மேசையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நான் மிளகாய்க்கு இறைத்தேன்.