எண்பது எண்பதில் உட்கார்ந்திருக்கும் மைத்துனனுக்கு

மரியாதைக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருத்தத்துக்கும் உரிய மைத்துனனுக்கு, உன் அத்தான் வாயால் சொல்லி, நம் ஐஸ் ஃபாக்டரி அலுவலகத்துத் தட்டச்சம்மா கையால் எழுதுவது.

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து லாரியெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்ததே, அந்த வருடம் உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. கடலில் சொறிமீன் பெருகி வலையெல்லாம் வழவழவென்று வந்ததும் அந்த வருடம்தான். என் மகன் தைரியம் காட்டுகிறேன் என்று ஐஸ் கட்டியின் மேல் உட்கார்ந்து, கால்சட்டை ஒட்டிக்கொண்டு, நாங்கள் வெந்நீர் ஊற்றிப் பிரித்தெடுத்ததும் அந்த வருடம்தான். அதே வருடம்தான் நீ முதல் கம்ப்யூட்டரை இந்த அறைக்குள் தூக்கி வந்தாய். நம் பட்டப்பெயர்களிலேயே சொன்னால், கம்ப்ரசர் ஓட்டிய சூறாவளி, ஐஸ் அறுத்த கொக்கு, எடை பார்த்த ஆமை, நான் என்று எல்லாரும் பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி சுற்றி நின்றோம். தொட்டுப் பார்த்த சூறாவளி, "சூடா இருக்கேடா, ஐஸ் வைக்கணுமா?" என்று கேட்டான். நீ சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் நீ ஒருநாளும் சிரித்ததில்லை.

இங்கே எல்லாரும் சுகம். அங்கே உன் சுகத்தை நீ சொன்னால்தான் தெரியும். போன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால் இதை நம் ஐஸ் வண்டி டிரைவரிடம் கொடுத்து, உன் கையில் கொடுக்காமல் வந்தால் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வேன் என்று சொல்லி அனுப்பப் போகிறேன். அந்த அப்பாவி முகத்தைப் பார்த்தாவது வாங்கிப் படி. எனக்கு எழுத்து தெரியாது. நான் பேச்சாகச் சொல்லச் சொல்ல இந்த அம்மா நல்ல தமிழாக்கித் தட்டுகிறார். கோபம் வருகிற இடத்தில் மட்டும் சொன்னது சொன்னபடியே விழும். கெட்ட வார்த்தை வந்தால் இவர் இருமுவார், நான் மாற்றிக்கொள்வேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மீன்பிடித் தடை முடிந்து நாளை மறுநாள் எல்லாப் படகும் ஒன்றாகக் கடலுக்குப் போகிறது. ஐஸ் ரெடி. ஐஸ் கேட்க வேண்டிய வழிதான் ரெடியில்லை. நீ கோபித்துக்கொண்டு போன பிறகு வந்தவள் என் மருமகள், அதனால் நீ அவளைப் பார்த்ததில்லை. படித்து வாங்கிய வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து, படகுக்காரன் கரையில் நின்றபடியே போனைத் தட்டி ஐஸ் சொல்கிற மாதிரி ஒன்றை உட்கார்ந்து செய்திருக்கிறாள். தடைக்கு முன்னால் நன்றாக ஓடியது. இப்போது சீசன் திறக்கிற நேரம் பார்த்து சர்வர் விழுந்துவிட்டது. சர்வர் என்றதும் எதிர்த்த ஓட்டலில் பரிமாறுகிற ஆளை நினைத்துக்கொள்ளாதே. அந்தத் தப்பை நானே செய்து, குளுக்கோஸ் பாக்கெட்டோடு போய் நின்று, அவர் கையால் ஒரு டீயும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாயிற்று.

என் மகன் கதவருகில் நின்றுகொண்டு சொன்னான்: "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அது எழுந்து நிக்கலைன்னா பழையபடி போன்ல பேசியே ஆர்டர் எடுத்துக்கலாம். இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டெல்லாம் போதும்." விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள், அவ்வளவுதான். தரை கீறுகிற அந்தச் சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இவள் இனி எழுந்திருக்க மாட்டாள் என்று. நானும் ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். இந்த வீட்டில் பிடிவாதம் பிடிக்கிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும், உன்னைத் தவிர.

நடந்தது இதுதான். வெப் சர்வர் என்று ஒன்றைக் கிளப்பினால் அது ஜாவா என்று இன்னொன்றைக் கிளப்புகிறதாம். ஜாவா எழுந்து, ஒரு வரி முனகிவிட்டு, அப்படியே போய்விடுகிறதாம். "ஸ்டார்ட் ஆகுது மாமா, உடனே ஆஃப் ஆயிடுது" என்றாள். "சோக்கை இழுத்து வச்சுப் பாரும்மா" என்றேன். பின்னே? சூறாவளி வைத்திருந்த ஜாவா வண்டியில் நீயும் நானும் போகாத இடமா? ஒரே உதையில் எழும்புமே அது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். பிறகு "மெமரி பத்தலையோன்னு சந்தேகமா இருக்கு" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னால் எனக்கு எப்படியிருக்கும்? "யாருக்கு? எனக்கா?" என்று எழுந்தே நின்றுவிட்டேன். பெரிய காற்றடித்த அன்று எந்தெந்தப் படகு எந்தத் திசையிலிருந்து திரும்பியது, யார் யார் ஈரச் சட்டையோடு நம் கம்ப்ரசர் அறையில் தூங்கினார்கள், உன் கல்யாணத்தில் உன் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர் யார் என்பது வரை நிற்காமல் சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "உங்க மெமரி இல்ல மாமா, இதோட மெமரி. உங்களுக்கு இருக்கிறதுல பாதி இருந்தாலே இது ஓடிடும்" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். நல்ல பெண். மெமரியைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், வெப் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். ஜாவா எழுந்தது, முனகியது, போனது.

முனகுகிறதே, என்னதான் சொல்கிறது என்று கேட்டேன். அவள் திரையில் தேடிப் படித்தாள்: "போர்ட்டை ஏற்கெனவே வேற யாரோ பிடிச்சிருக்காங்களாம்." எனக்குச் சுரீர் என்றது. போன வாரம்தான் எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டு மீட்டர் போர்டை மாற்றிவிட்டுப் போனான். நேராகப் போனேன். ஏணியில் நின்றுகொண்டிருந்தான்.

"டேய், எங்க போர்டை நீ பிடிச்சு வச்சிருக்கியாமே?"

"பெரியவரே, மாத்தினேன், பிடிக்கலை. போர்டைப் பிடிச்சா ஷாக் அடிக்கும்."

"என் மருமக கம்ப்யூட்டரே சொல்லுதுடா!"

"அப்ப கம்ப்யூட்டரையே கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்."

ஏணியை ஒரு ஆட்டு ஆட்டலாமா என்று இருந்தது. (இங்கே தட்டச்சம்மா இருமினார்.) திரும்பி வந்து சொன்னால் மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "போர்டு இல்ல மாமா. போர்ட்." "அதைத்தானே நானும் சொல்றேன்?" "ஐயோ, கப்பல் வந்து நிக்குமே, அந்த மாதிரி போர்ட். நம்பர் எண்பது எண்பது." இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? எலக்ட்ரீஷியனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்படியே துறைமுகத்துக்கு நடந்தேன். வாசலில் காவல்காரர் செய்தித்தாளை முகத்துக்கு மேல் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"யாருய்யா போர்ட்டைப் பிடிச்சது?"

"யாரும் பிடிக்கலையே. காலையில இருந்து நான்தான் உக்காந்திருக்கேன்."

"எண்பது எண்பதுன்னு ஒண்ணு இருக்காமே, அதுல யார் இருக்கா?"

"அது படகு நம்பரா, பஸ் நம்பரா?"

சொல்லத் தெரியாமல் திரும்பினேன். காலும் வலித்தது. மருமகள் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "கம்ப்யூட்டருக்குள்ள நிறைய வாசல் இருக்கு மாமா. ஒரு வாசல்ல ஒருத்தர்தான் உக்கார முடியும். நம்ம ஜாவா எண்பது எண்பதுல உக்காரணும். போய்ப் பார்த்தா அங்க வேற ஆள். இடமில்லைன்னதும் இது செத்துடுது." இதுதானா விஷயம்! பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை. "எழுப்பி விடும்மா அவனை" என்றேன். "எழுப்ப முடியாது மாமா. கொல்லணும்."

மாப்ளே, அதன்பிறகு நடந்ததை நீ உட்கார்ந்து கேள். இப்போது உள்ளே ஓடிக்கொண்டு உயிரோடு இருக்கிறவர்கள் யார் யார் என்று அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டாள். அது ஒரு லிஸ்ட்டைக் கொடுத்தது. அவள் படிக்கத் தொடங்கினாள்: "சூறாவளி." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கொக்கு. ஆமை. யார் மாமா இவங்கெல்லாம்? யாரோ விளையாட்டுக்குப் பேர் வச்ச மாதிரி இருக்கு." நான் சொன்னேன், இவங்க விளையாட்டு இல்லம்மா, இந்த ஃபாக்டரியே இவங்கதான் என்று. நீ அந்தக் காலத்தில் எழுதிய புரோகிராமைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் எங்கள் பெயரை வைத்திருக்கிறாய். வாயைத் திறந்து ஒருத்தரிடமாவது சொன்னாயா? சூறாவளி கேட்டிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பான்.

மருமகள் ஒவ்வொருவராகக் கொன்றாள். "சூறாவளி போயாச்சு. கொக்கையும் கொன்னாச்சு." அந்த நேரம் பார்த்து உன் அக்கா டம்ளரோடு உள்ளே வந்தாள். "ஏம்மா, கொக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்தானே, மறுபடியும் எதுக்குக் கொல்றே?" என்றாள். ஆமையையும் முடித்தாயிற்று. அடுத்த பெயருக்கு வந்ததும் மருமகள் கை நின்றது. "என்னம்மா?" "அடுத்தது... 'அத்தான்'னு இருக்கு மாமா." உன் அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொல்லும்மா. வயசாச்சு" என்றேன். ஒரு பட்டன்தான். வலிக்கவில்லை.

கடைசியாக ஒருவன். எண்பது எண்பதில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறவன் அவன்தான். பெயர் கட்டெறும்பு. கறுப்பாக, குட்டையாக, கடித்தால் விடாமல் இருந்த உனக்கு அந்தப் பெயரை வைத்ததே நான்தானே. கொன்றாள். எழுந்தாய். மறுபடி கொன்றாள். எண்ணி முடிக்குமுன் எழுந்து அதே இடத்தில் உட்கார்ந்தாய். "சாகவே மாட்டேங்கிறார் மாமா" என்று பல்லைக் கடித்தாள். "இது என் போர்ட். இவரை எழுப்பாம நான் வீட்டுக்கு வர மாட்டேன்." அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் நீ சாப்பாட்டை விட்டு சைக்கிளில் ஓடி வந்து கிளப்பி வைப்பாய். ஒருநாள் கையைத் தட்டிக்கொண்டு, "இனிமே நான் வர வேண்டாம் அத்தான், விழுந்தா இது தானே எழுந்துக்கும்" என்றாய். நீ கோபித்துக்கொண்டு போன பிறகு என் மகன் உன் புரோகிராமை நிறுத்தினானே தவிர அழிக்கவில்லை. அப்புறம் அந்த மெஷினை யாரும் அணைத்ததே இல்லை. போன வாரம் எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்தான் இல்லையா, மறுபடி கரண்ட் வந்ததும், ஜாவா கண் விழிப்பதற்கு முன்னால் நீங்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள். ஆகவே எலக்ட்ரீஷியன்தான் காரணம். அவனிடம் கேட்ட மன்னிப்பை நேரில் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

உன்னைத் தானாக எழுப்புகிற இடத்தைத் திறக்க ஒரு ரகசியச் சொல் கேட்கிறது. அது உனக்கு மட்டும்தான் தெரியும். உன் அக்கா பெயர், உன் பெண்டாட்டி பெயர், மீன் பெயர்கள் என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஆகவே மாப்ளே, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது சமாதானக் கடிதம் இல்லை. நீ போகும்போது வாசலில் நின்று, "என் புரோகிராமை எடுத்துட்டு வேற வைக்கிறீங்களா? அது எங்கேயும் போகாது, பாருங்க" என்று சொன்னதை நான் மறக்கவில்லை, நினைப்பு வந்தால் இன்றும் காது சூடாகிறது. உன்மேல் பாசம் வந்து கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே. நீ வர வேண்டும், அந்தச் சொல்லைப் போட வேண்டும், அந்த இடத்திலிருந்து உன்னை நீயே எழுப்பிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பிறகு டீ குடிக்கக்கூட நிற்க வேண்டாம். இந்தப் பெண்ணின் வேலையை விளையாட்டு என்று சொல்லி மூட விடமாட்டேன். அதற்காக உன்னிடமே கேட்கிறேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்.

உன் வீட்டில் எல்லாருக்கும் என் ஆசி. பிள்ளைகள் உன்னைப் போலப் படிக்கட்டும், உன்னைப் போலக் கோபிக்காமல் இருக்கட்டும். கையெழுத்துக்குப் பதில் என் பெருவிரல். மை இல்லாததால் கொஞ்சம் டீ டிகாஷன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மருமகள் எழுந்து வந்தாள். ஆமாம், எழுந்துவிட்டாள். "விட்டுட்டேன் மாமா" என்றாள். "எதை?" "அந்தப் போர்ட்டை. சின்ன மாமாவே வச்சுக்கட்டும். முதல்லயே செஞ்சிருக்கலாம், எனக்குத்தான் விட மனசு வரல. ஜாவாவை அடுத்த வாசல்ல உக்கார வச்சுட்டேன். படகுக்காரங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது." ஜாவா எழுந்தது, முனகவில்லை, நிற்கிறது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ கரையிலிருந்து ஐஸ் கேட்க, கம்ப்யூட்டரில் மணி அடிக்கிறது. என் மகனே ஐஸ் அறைப் பக்கம் போகிறான். ஆகவே நீ வர வேண்டாம். ரகசியச் சொல்லும் வேண்டாம். மேலே கேட்டதெல்லாம் கேட்காததாக வைத்துக்கொள்.

"அப்ப எதுக்கு இதை அனுப்பறீங்க? கிழிச்சுடவா?" என்று தட்டச்சம்மா கேட்கிறார். வேண்டாம் என்றேன். வண்டி எப்படியும் அந்தப் பக்கம் போகிறது. திரும்பி வரும்போது முன் சீட்டு காலியாகத்தான் இருக்கும்.

மருமகளை அந்த லிஸ்ட்டை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். "சூறாவளி இல்ல மாமா. கொக்கு இல்ல. ஆமை இல்ல. அத்தானும் இல்ல." அப்ப யார்தாம்மா இன்னும் உயிரோட இருக்கா என்று கேட்டேன். திரையில் விரலை வைத்து, கொஞ்சம் சத்தமாகவே படித்தாள்: "கட்டெறும்பு."