தங்கச்சி ஸ்தானத்தில் கொடுத்த புடவை

வில்லா எண் 9,
சில்வர் பாம் சீனியர் வில்லேஜ்,
கொழிஞ்சாம்பாறை.
மார்கழி 22.

சௌபாக்கியவதி தங்கை சுப்பாத்தாளுக்கு, உடன்பிறந்த அண்ணன் குப்பண்ணன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. என் சுகத்தை முதலில் சொல்லிவிட்டு, உன் சுகத்தையும் மாப்பிள்ளையின் முட்டிவலியையும் செவலை மாட்டின் சினையையும் விசாரிப்பதுதான் முறை. விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். எனக்கு வருகிற ஆத்திரத்தில் இதற்கு மேல் முறை பார்க்க முடியாது.

நீ போனை எடுப்பதில்லை. பேரனிடம் சொல்லி என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டாயாம். மாப்பிள்ளையிடம் பேசலாம் என்றால் அவர், "மச்சான், அவ பக்கத்துலயே நிக்கறாளுங்க" என்று பூனை மாதிரி முனகிவிட்டு வைத்துவிடுகிறார். அதனால்தான் இந்தக் கடிதம். ஆனைமலைத் தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாது அல்லவா? நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று நீ கேள்விப்பட்டது பச்சைப் பொய். அதிலும் உனக்கு எடுத்த பொங்கல் சீர்ப் புடவையைக் கொடுத்துக் கல்யாணம் பேசினேன் என்பது அதைவிடப் பெரிய பொய். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கிழித்துப் போடு.

நான் இருக்கிற இடம் முதியோர் இல்லம் அல்ல. அப்படிச் சொன்னால் மேனேஜர் பொண்ணு டின்சிக்குக் கண் கலங்கிவிடும், சீனியர் வில்லேஜ் என்றுதான் சொல்ல வேண்டும். ரமேஷ்குமார் மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "கொரோனா காலத்துல தோட்டத்து ஊட்டுல நீங்க தனியா கெடந்தா எனக்குத் தூக்கமே வர்றதில்லீங்கப்பா" என்று அழுததால் வந்தேன். இப்போது அவன் நன்றாகத் தூங்குகிறான், எனக்குத்தான் தூக்கம் இல்லை. என் சொந்தத் தோப்புத் தென்னையின் தலை இங்கே பால்கனியில் இருந்து தெரிகிறது. அதிலிருந்து ஓர் இளநீர் வேண்டுமென்றால் அது கேட்டுக்கு வந்து, ஒரு கொட்டகையில் மூன்று நாள் காவலில் கிடந்து, சோப்புத் தண்ணீரில் குளித்து, வயதாகி என் கைக்கு வரும். நான் வெளியே கால் வைக்கக் கூடாது, அதற்கு ரிவர்ஸ் குவாரன்டைன் என்று பெயர். கிருமி ஊர் சுற்றுகிறது, குற்றம் செய்யாத நான் உள்ளே கிடக்கிறேன். என்ன நியாயமோ இது, எனக்கு விளங்கவில்லை.

இந்த அழகில் டின்சி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, திருவாதிரை, பொங்கல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி 'ஃபெஸ்டிவல் சீசன்' என்று நோட்டீஸ் ஒட்டியது. கொண்டாடலாம், ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. கரோல் பாட்டைப் போனில் பாடினார்கள். ஒருவர் பல்லவியில் இருக்க இன்னொருவர் முடித்துவிட்டு இருமிக்கொண்டிருந்தார், இருமல் கேட்டதும் மற்றவர்கள் பயந்து போனை அணைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட டிரைவர், கிருமி உடுப்பைப் போட்டு அதன்மேல் சிவப்புச் சட்டையும் போட்டுக்கொண்டு மணியடித்து வந்தான். யாரையோ தூக்கிப் போக ஆம்புலன்ஸ் வந்துவிட்டதென்று வரிசையாகக் கதவைத் தாழ்போட்டார்கள். நானும்தான் போட்டேன், பொய் சொல்வானேன்.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. 'கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட்' என்று ஒன்று இவர்களுக்கு உண்டு. சீட்டுக் குலுக்கி எடுத்து, யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். எனக்கு வில்லா பதினாலு அன்னமேரி அம்மா பெயர் வந்தது. சாந்தன்பாறைப் பக்கம் ஏலத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளத்துக்காரர்தான், ஆனால் தோட்டத்து ஆட்களோடு பழகிய தமிழ், நம்மைவிட வேகமாகப் பேசுவார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சாயங்காலம் அவர் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் விடும்போது நான் என் பால்கனியில் நிற்பேன், அவ்வளவுதான் பழக்கம். எனக்கு முருங்கைக்கீரை சூப் வைத்துக் கோமதி என்கிற சமையல்காரப் பெண்ணிடம் கொடுத்தனுப்புவார், அதுவும் ரத்தக்கொதிப்புக்காக. நீ வேறு எதுவும் கற்பனை செய்யாதே.

என்ன கொடுப்பது சொல்? கடைக்குப் போகவா விட்டார்கள்? பீரோவில் இருந்தது உனக்கு எடுத்த அந்த மாம்பழக் கலர் பட்டு ஒன்றுதான். வழக்கம்போல நானே ஆனைமலைக்குக் கொண்டுவந்து உன் கையில் கொடுக்கலாம் என்று ஐப்பசியிலேயே வரவழைத்து, உனக்குப் போட்டோவும் அனுப்பிவிட்டு வைத்திருந்தேன். புது மாதிரிக் கிருமி ஒன்று வந்திருக்கிறதாம், பொங்கலுக்கும் கேட் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, உனக்கு இதைவிட நல்லதாக அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொந்தமில்லாத ஒரு பெண்மணிக்கு நம்மில் ஓர் ஆம்பிளை எதையாவது கொடுத்தால் எந்த ஸ்தானத்தில் கொடுப்பான்? தங்கச்சி ஸ்தானத்தில்தானே? நான் அப்படியே செய்தேன். வெறும் புடவையாகக் கொடுத்தால் மரியாதை இல்லை என்று தட்டு வைத்து, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்து, சீர் போலவே அனுப்பினேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் எல்லாரையும் அவரவர் பால்கனியில் நிறுத்தி, டின்சி மைக்கைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் பரிசு கொடுத்தது. எனக்கு யாரோ கம்பளிக் குல்லாய் கொடுத்திருந்தார்கள், பாலக்காட்டு வெயிலுக்கு! என் தட்டின்மேல் கிருமிநாசினி அடித்ததில் குங்குமம் கரைந்து தேங்காய்க்கெல்லாம் பொட்டு வைத்தது போல் ஆகிவிட்டது. டின்சி தாளைப் பிரித்துப் புடவையைத் தூக்கிக் காட்டியது. எங்கிருந்தோ ஒரு கைதட்டல், அதற்குப் பிறகு எல்லாப் பால்கனியிலும் கைதட்டல். ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தட்டை எடுத்து டம்ளரால் தட்டிக் கல்யாணப் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பரிசு பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று நானும் எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடுதான் என்னைக் கெடுத்தது.

அம்மிணி, எழுபது வருஷமாக இந்த ஜில்லாவில் இருக்கிறேன், எனக்கு இது தெரியவே தெரியாது. இவர்கள் கிறிஸ்தவர்கள் கல்யாணத்தில் மணமகன் மணப்பெண்ணுக்கு ஒரு பட்டுப் புடவை கொடுப்பானாம், மந்திரகோடி என்று அதற்குப் பெயராம். நாயர் வீட்டிலோ ஆம்பிளை புடவை கொடுத்து அதைப் பெண் வாங்கிக்கொண்டால் கல்யாணமே முடிந்ததாம்! ஆக அந்த வரிசையில் யார் எந்த ஜாதி மதமாக இருந்தாலும், ஊரறியப் பட்டும் தேங்காயும் அனுப்பியவன் மாப்பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டோடு எல்லாருக்கும் பாயசம் வந்தது. எனக்கு மட்டும் இரண்டு கிண்ணம்.

மறுநாள் டின்சி ஃபைலோடு வந்து, தள்ளி நிற்பதற்காக வாசலில் போட்டிருக்கிற கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. "அங்கிளே, ஒரே வில்லான்னா ரெண்டு பேரும் ஒரே ஃபேமிலி. மாஸ்க் வேண்டா, டிஸ்டன்ஸ் வேண்டா. ஒன்பதா, பதினாலா? எது வெச்சுக்கறீங்க?" என்று கேட்டது. நான் கத்திய கத்தில் ஆக்சிஜன் பார்க்கிற மிஷினை என் விரலில் மாட்டிவிட்டது. ரமேஷ்குமாரைக் கூப்பிட்டு நியாயம் கேட்டால் அவன், "எனக்கு அப்ஜெக்ஷன் இல்லீங்கப்பா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க" என்கிறான். மருமகள் தமிழ்ப்ரியா, டின்சி அனுப்பிய அந்தப் புடவை போட்டோவைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, சிவப்பில் இதயம் வேறு போட்டிருக்கிறாள். என் சம்மதம் ஒன்றைத் தவிர எல்லார் சம்மதமும் இரண்டே நாளில் வந்து சேர்ந்துவிட்டது.

சரி, சம்பந்தப்பட்டவரிடமே நேரில் சொல்லிவிடலாம் என்று முகத்தை மூடிக்கொண்டு பதினாலாம் நம்பர் வாசலில் போட்டிருக்கிற வட்டத்தில் போய் நின்றேன். அன்னமேரி அம்மா அந்தப் புடவையையே கட்டிக்கொண்டிருந்தார். ஒத்துக்கொள்ள வேண்டும், கலர் அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் மரியாதையாக, "தப்பா எடுத்துக்காதீங்க, என்ற தங்கச்சி மாதிரி நெனச்சுத்தானுங்க குடுத்தேன்" என்றேன். அவர் செடியில் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டே என்ன சொன்னார் தெரியுமா?

"எனக்கு அஞ்சு அண்ணன்மாரு இருக்காக. அஞ்சு பேரும் நல்லாத்தான் இருக்காக. ஆறாவது எனக்கு எதுக்கு?"

கேட்டாயா? பொறுப்பாக ஒருவன் அண்ணன் முறைக்கு வந்து நிற்கிறான், வேண்டாமாம்! நான் விடவில்லை. "அப்படின்னா சீலையத் திருப்பிக் குடுத்துருங்க" என்றேன். "அதக் குடுக்க மாட்டேன்" என்றார். "அண்ணனும் வேண்டாம், அண்ணன் குடுத்த சீலை மட்டும் வேணுமா? இது எந்த ஊர் நியாயமுங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சூப்பு வெச்சிருக்கேன், ஆறிப் போகுது, கொண்டுபோங்க. வெயில்ல நின்னு கத்தாதீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இதற்கு என்ன அர்த்தம் என்று பத்து நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அவமானத்தில் சாப்பாடு இறங்கவில்லை, சூப் மட்டும்தான் குடிக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் உன் குரல் செய்தி வந்தது. "எனக்கெடுத்த சீலைய எவளுக்கோ குடுத்துட்டீங்க. நல்லா இருங்க அண்ணா. இனி உங்களுக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லைன்னு நெனச்சுக்கோங்க." அதைக் கேட்ட பிறகு என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. யார் என்ன பேசினாலும் நான் தாங்கிக்கொள்வேன், நீ அப்படிச் சொல்லலாமா? உன் அண்ணி போனபோது, பந்தல் பிரித்த பிறகும் ஒரு மாதம் என்னோடு இருந்து, நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தவள் நீ. புடவைக்காக இதை அறுத்துவிடுவாயா? உனக்கு நூறு புடவை எடுத்துத் தருகிறேன். கல்யாணம் என்கிற பேச்சே இல்லை, இருக்கவும் இருக்காது. அறுபதாம் கல்யாணத்தையே வேண்டாம் என்று சொன்னவன் நான், இந்த வயதில் மாலையும் கழுத்துமாக நிற்பேனா? நம் குலதெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் மனசு இறங்கி ஒரு போன் போடவும். மாப்பிள்ளையை முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லவும். பேரனுக்கு என் ஆசி, அவன் என் நம்பரை விடுவித்தால் இரட்டிப்பு ஆசி. ஊரில் எவர் கேட்டாலும் குப்பண்ணன் கல்யாணம் பொய் என்று சத்தமாகச் சொல்லவும்.

உன் நலமே கோரும்,
ஒரு பாவமும் அறியாத உன் அண்ணன்,
குப்பண்ணன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது டின்சி இண்டர்காமில் கூப்பிட்டது. "அங்கிளே, மொபெட்ல ஒரு சேச்சியும் சேட்டனும் வந்திருக்கு. சேச்சி கையில பெரிய மூங்கில் கூடை. உள்ள விடலைன்னா இங்கயே உக்காந்துக்கும்னு சொல்லுது" என்றது. பிறகு வாட்ச்மேன் போனில் உன் குரல்! "சீலைக்காக நான் கோவிச்சுக்குவனா அண்ணா? ஆறு வருசமா நீங்க ஒண்டியாக் கெடக்கறதப் பாத்து, ஒரு தொணை தேடிக்கோங்கன்னு சொல்ல வாய் வராம நாந்தான் தவிச்சுக்கிட்டிருந்தேன். அந்தக் கல்யாணத்த எவளோ காட்டுன போட்டோவப் பாத்தா நான் தெரிஞ்சுக்கோணும்? அண்ணங் கல்யாணத்துக்குத் தங்கச்சி இணைச்சீர் செய்யாம எவ செய்வா? அந்தச் சீருக்கு வேண்டிய பேழைக் கூடை, சீலை எல்லாம் கொண்டாந்துட்டேன். என்னிக்குன்னு மட்டும் சொல்லுங்க."

சுப்பாத்தா, வாட்ச்மேன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியிருப்பதைப் படிக்காதே, இதை மட்டும் படி. ஊரில் யாரிடமும் எதையும் பொய் என்று சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையை நிழலில் உட்காரச் சொல். திரும்பிப் போய்விடாதே. அந்த அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவே இல்லை.